வேர் அரைத்த நேரம்

"தண்ணி ரொம்பச் சுடக்கூடாது, கேட்டியா. சூடு ஏறினா சாயம் செத்துரும்" என்று கொம்பையா பின்முற்றத்திலிருந்து சொன்னார். சந்தனமாரிக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாகப் புருஷன் தலைக்கு அவள்தான் அவுரி பூசுகிறாள், ஒவ்வொரு தடவையும் அவர் இதைச் சொல்லத் தவறியதில்லை. பச்சைப் பொடியைக் கிண்ணத்தில் கொட்டி, வெந்நீரைச் சிறுகச் சிறுக விட்டுக் கரண்டிக் காம்பால் குழைத்தாள். தோசை மாவுப் பதம் வந்ததும் தட்டைப் போட்டு மூடினாள். அதுவரை மூச்சை வாயால்தான் விட்டுக்கொண்டிருந்தாள். மூக்கால் இழுத்தால் அந்த வாடை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு ராத்திரிச் சோற்றிலும் அதுதான் அடிக்கும். ஈர வைக்கோலும் பச்சைப் பயறும் சேர்ந்து ஊறின மாதிரி ஒரு வாடை. ஊருக்கெல்லாம் அது பிழைப்பின் வாடை. இலை அறுத்து, களத்தில் காயப்போட்டு, உதிர்த்து, மூட்டை கட்டித் தூத்துக்குடி கப்பலுக்கு அனுப்பி, எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு நரைத்த பொம்பளை அதைத் தலையில் அப்பிக்கொள்கிறாள். அந்தப் பொம்பளைக்கும் இந்த வாடை அடிக்கும்தானே, அவளுக்கு இதில் என்ன ஞாபகம் வரும், ஒன்றும் வராது, குளித்துவிட்டுப் போய்விடுவாள். தட்டைத் திறந்தாள். மேலே பச்சை போய்க் கருநீலமாக ஏடு கட்டியிருந்தது. கிண்ணத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

அவர் முக்காலியில், பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். நேற்று மருதாணி போட்டாயிற்று. தலை முழுக்கச் செங்கல் நிறம். சிவப்பின் மேல் நீலம் விழுந்தால்தான் கறுப்பு வரும், வெறும் நரையில் அவுரியைப் பூசினால் தலை நீலம் பாய்ந்துவிடும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் வாழைநாரை விலக்குகிற மாதிரி முடியை வகிர்ந்து வகிர்ந்து பூசத் தொடங்கினாள். இன்றைக்குச் சாயங்காலம் சென்னையிலிருந்து தாரிகா என்று ஒரு பெண் வருகிறாள். மகன் சுடலைமணியிடம் பொடி வாங்குகிற கம்பெனிக்காரி. விளம்பரத்துக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். அவுரி விளைகிற காட்டுக்காரர் தன் வாயால் அதன் பெருமையைச் சொல்ல வேண்டுமாம். அது வெளிவந்தால் லட்சம் பேர் பார்ப்பார்களாம். சுடலைமணி போனில் சொன்னதிலிருந்து கொம்பையா ஒரு வாரமாகப் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறார். இப்போதும் தலையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார். "அவுரின்னா வெறும் சாயம்னு நினைக்காதீங்க. வெள்ளைக்காரன் சாயத்துக்காக இதப் பயிர் வச்சான். எங்க காட்டுலயே அவன் காலத்துச் சாயத் தொட்டி கெடந்துச்சு. ஆனா நம்ம முன்னோர் இத மருந்தா வச்சிருந்தாங்க. பதினெட்டு வகை விஷத்தையும் முறிக்கும். விஷத்தோட நிறமும் நீலம், அத முறிக்குற செடியோட நிறமும் நீலம். எப்படி இருக்கு, நல்லாருக்கா?" என்று கேட்டார். "தலைய ஆட்டாதீங்க" என்றாள்.

தொட்டியைச் சொல்லியிருக்க வேண்டாம். தொட்டி என்றதும் செங்கல் சுவர் வந்துவிடுகிறது, சுவரில் பாசி, பாசியின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டுகிற பாவாடை. பிடரியில் பூசு, பிடரியைப் பார். பிடரியில் அவருக்கு ஒரு மச்சம் இருக்கிறது, மகள் பூரணிக்கும் அதே இடத்தில் இருந்தது. எங்கே பார்த்தாலும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஏழு வயசு. அன்றைக்குக் களத்தில் இலை உதிர்ப்பு, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்தார்கள், வெயில் உச்சிக்கு வரவில்லை. பூரணி தொட்டிப் பக்கமிருந்து நடந்துதான் வந்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை. "அம்மா, காலுல என்னமோ குத்திட்டும்மா" என்றாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி, முள் குத்தின மாதிரி. தொட்டிக்குப் போன வேலையாள் அங்கிருந்தே "நல்லபாம்பு, நல்லபாம்பு" என்று கத்தினான். இலை ஏற்றுகிற வேன் களத்து ஓரத்தில் நின்றது. டிரைவர் அதன் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான், சாவி வேனிலேயே தொங்கியது. அவளுக்கு அந்தச் சாவி இன்றைக்கும் தெரிகிறது, சிவப்பு நூல் கட்டின சாவி. "வேன் நிக்குதே, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்று சொன்னாள். சொன்னாளா? சொன்னாள். சத்தமாகச் சொன்னாளா, இல்லை மனசுக்குள் சொன்னதா என்று சில ராத்திரி சந்தேகம் வரும், ஆனால் அவர் பதில் சொன்னாரே, பதில் வந்தால் கேள்வி இருந்திருக்கத்தானே வேண்டும். "நம்ம காட்டுல மருந்த வச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையச் சொல்லுதியா? வேரைப் பிடுங்கி அரைச்சுக் கொண்டா, ஓடு" என்றார். அவள் ஓடினாள்.

அந்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. வேர் ஒன்றும் தேட வேண்டியதில்லை, களத்தைச் சுற்றி அவுரிதான். கை பட்டதைப் பிடுங்கினாள், மண்ணைச் சேலையிலேயே தேய்த்தாள். களத்து வீட்டு அம்மியில் காலையில் அரைத்த தேங்காய்த் துவையல் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக்கூட வழிக்கவில்லை. இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு, குழவி நழுவி விரல் நசுங்கியது, வளையல் உடைந்தது, துண்டை எடுத்து ஓரமாகக்கூடப் போடவில்லை. எவ்வளவு நேரம்? ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற நேரம். அவ்வளவுதான். பிறகு படுக்கையில், பஸ்ஸில், கோயில் வரிசையில், எங்கே நின்றாலும் அவள் அந்த வேரை அரைத்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேகமாக. எவ்வளவு வேகமாக அரைத்தாலும் அது ஒரே முடிவுக்குத்தான் வருகிறது. "இந்தக் காதோரம் விட்டுட்ட பாரு" என்றார். காதோரத்தில் பூசினாள். காது மடலில் பட்டதைக் கட்டைவிரலால் துடைத்தாள். விரல் நீலமாகிவிட்டது. நாளைக்குப் பாத்திரம் தேய்த்தால் போகும்.

பூரணி அந்தச் சாற்றைக் குடித்தாள். "கசக்கும்மா" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்து வாயில் போட்டார். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு நெற்றியைத் தடவினார். அன்பில்லாத மனுஷனில்லை அவர், அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை, அடிக்கிறவன் குடிக்கிறவன் என்றால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. இன்னும் கருப்பட்டி கேட்டது. களத்தில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தார், "பாத்தீகளா" என்றார். பிறகு பிள்ளையின் இமை தொங்கியது. "ஒறக்கம் வருதும்மா" என்றது. "விஷம் இறங்குது, அந்த அசதிதான், ஒறங்கட்டும்" என்றார். பாம்பு தீண்டினவரைத் தூங்க விடக்கூடாது என்று ஒரு கிழவி முனகினாள், அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அம்மா என்று கூப்பிட நினைத்த பிள்ளைக்கு நாக்குக் குழறி வேறு என்னமோ வந்தது. சந்தனமாரி அதன் கையை எடுத்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம். உதட்டோரம் நீலம். தொட்டிகளில் இலையை ஊறப்போட்டுச் சாயம் எடுத்த நாட்களில் கூலிக்காரர்களுக்குக் கை இப்படித்தான் ஆகும் என்பார்கள், அவர்களுக்கு வெளியிலிருந்து ஏறினது, இதற்கு உள்ளேயிருந்து. அப்புறம்தான் வேன் கிளம்பியது. எட்டயபுரம் தாண்டவில்லை. மடியில் கிடந்த கால் திடீரென்று கனத்தது, அவ்வளவுதான், வேறு அடையாளம் எதுவும் இல்லை.

"ஊறட்டும். நல்லா ஊறட்டும்" என்று அவர் தலைக்குப் பிளாஸ்டிக் உறையைத் தானே மாட்டிக்கொண்டார். அவள் எதிரே வாசல்படியில் உட்கார்ந்தாள். இனிச் சாயம் பிடிக்கிறவரைக்கும் வேலை இல்லை. வேலை இல்லாத நேரம்தான் மோசம். மறுவாரமே அவர் கடப்பாரை எடுத்துப் போய் அந்தத் தொட்டியை இடித்தார், உள்ளங்கை கிழிந்து ரத்தம் வருகிறவரை இடித்தார், அதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போது அவரைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்குமோ. சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் முதலில் அவர் விதி என்றார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்களிடம், "மருந்து கொடுக்கத்தான் செஞ்சோம், அரைச்சு வர கொஞ்சம் சுணங்கிட்டு" என்றார். சுணங்கிட்டு. யார் சுணங்கியது என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில், "இவ பதறிட்டா பாவம், கைகால் ஓடல, அவ அரைச்சு வரதுக்குள்ள விஷம் தலைக்கேறிட்டு" என்று வந்தது. பாவம் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டதால் ஊர் அவரை மெச்சியது, பெண்டாட்டியைக் கடிந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன் என்று. அவளும் வாயைத் திறக்கவில்லை. முதலில் துக்கம். பிறகு வழக்கம். பிறகு வெட்கம், இத்தனை நாள் பேசாமல் இப்போது பேசினால் யார் நம்புவார்கள் என்ற வெட்கம். சுடலைமணி அப்போது தொட்டில் பிள்ளை. வளர்ந்து பெரியவனான பிறகு, ஏதோ ஒரு சண்டையில், "நீ சட்டுனு அரைச்சிருந்தா எனக்கு அக்கா இருந்திருப்பா" என்றான். அவன் தப்பு இல்லை. அவனுக்குக் கிடைத்த கதை அது. அன்றைக்கு ராத்திரி அவளே ஒருமுறை யோசித்தாள், துவையலை வழித்தேனோ, வளையலைப் பொறுக்கினேனோ, ஒருவேளை சுணங்கித்தான் விட்டேனோ. அடுத்தவர் சொல்லச் சொல்ல ஒருத்திக்குத் தன் கையே தனக்குச் சாட்சி சொல்லாமல் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் மறுபடி பேசிப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு புது இடம் வந்தது. "நான் கேட்டதச் சொல்லல, பாத்ததச் சொல்லுதேன். எங்க களத்துல ஒரு பொம்பளப்பிள்ளைக்கு நாகம் தீண்டிட்டு. இதே அவுரி வேரை அரைச்சுக் குடுத்தேன். எந்திச்சு உக்காந்து கருப்பட்டி கேட்டுது." நிறுத்தினார். அந்த இடத்தில் நிறுத்தினார்.

"அதச் சொல்லாதீங்க" என்றாள்.

"எத?"

"எந்திச்சு உக்காந்தான்னு."

"உக்காந்தாளா இல்லியா?"

"உக்காந்தா."

"கருப்பட்டி கேட்டாளா இல்லியா?"

"கேட்டா."

"பின்ன? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரியாக வந்த பையன் மாதிரி இருந்தது முகம். அவள் எழுந்து போய் வெந்நீர்ப் பானையைப் பார்த்தாள். தண்ணீர் போதுமான சூட்டில்தான் இருந்தது. இருந்தும் விறகைத் தள்ளினாள், இழுத்தாள். லட்சம் பேர். அதில் ஒருத்தி இருப்பாள். காட்டில் வேலை செய்கிறவள், கையில் போன் வைத்திருக்கிறவள். அவள் பிள்ளை ஒருநாள் நடந்து வந்து காலைக் காட்டும். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும், சாவி தொங்கும். அவள் ஓடுவாள், அம்மிக்கு ஓடுவாள், போனில் பார்த்தோமே, அந்தப் பெரியவர் சொன்னாரே, தலையெல்லாம் கறுகறுவென்று எவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்து சொன்னார். அந்தத் தலையைக் கறுப்பாக்கினது யார். இந்தக் கை. முன்னே வேர் அரைத்த கைதான். தலையை அலசிவிட அவர் குனிந்தபோது பிடரி அவள் முன்னால் நீண்டு கிடந்தது. செம்பு செம்பாக ஊற்றினாள். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் ஓடி வாய்க்காலில் விழுந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் என்ன என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்திலேயே போனது. அப்படி நினைத்ததற்காக இன்னும் மெதுவாக, காதுக்குள் போகாமல், கையை அண்டை கொடுத்து ஊற்றினாள்.

தாரிகா வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். சின்னப் பெண், நல்ல மாதிரி. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, கொஞ்சம் தண்ணி தாங்க" என்று உரிமையாகக் கேட்டாள். வீட்டு முன்னால் அவுரிக் காடு தெரிகிற மாதிரி இரண்டு நாற்காலி போடச் சொன்னாள். "ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருங்க, அப்பதான் குடும்பமா அழகா இருக்கும்" என்றாள். சந்தனமாரி வேண்டாம் என்றாள். அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள். போனை ஒரு மூன்றுகால் கம்பியில் மாட்டி, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பேசுங்க ஐயா" என்றாள். கொம்பையா பேசினார். நன்றாகத்தான் பேசினார். வெள்ளைக்காரன் வந்தான், சாயம் வந்தது, பதினெட்டு விஷமும் வந்தது. சந்தனமாரி மடியில் கையை வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரல் நீலத்தை வலது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். களம் வந்தது. நாகம் வந்தது. "எங்க வீட்டுப் பிள்ளைக்கே" என்றார். காலையில் யாரோ ஒரு பெண் பிள்ளையாக இருந்தவள் இப்போது எங்க வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாள், பேச்சு சூடுபிடித்தால் அவருக்கு அப்படித்தான். "எந்திச்சு உக்காந்து கருப்பட்டி கேட்டா" என்றார்.

தாரிகா வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஐயா, அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டாள்.

அவர் இதைப் பழகியிருக்கவில்லை. பிறகு, எந்த விசேஷ வீட்டிலும் யார் யாரை விசாரித்தாலும் வாய் தானாகச் சொல்லுமே, அந்த மாதிரி, "நல்லாருக்கா" என்றார்.

சந்தனமாரி அவர் பக்கம் திரும்பினாள். "எங்க இருக்கா?" என்று கேட்டாள். "எங்க இருக்கான்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க" என்றாள். சத்தம் போடவில்லை, அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அவர் காட்டைப் பார்த்தார். அவள் தாரிகாவைப் பார்த்துச் சொன்னாள், "அவ பேரு பூரணி. எங்க மூத்த பிள்ள. எந்திச்சு உக்காந்தது நெசம்தான். அதுக்கப்புறம் நாக்குக் குழறி, நகமெல்லாம் நீலமாகி, எட்டயபுரம் போறதுக்குள்ள எம்மடியிலேயே செத்துப்போனா. வேன் பக்கத்துலேயே நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் சொன்னேன். வேர அரைக்கவும் செஞ்சேன். சட்டுனுதான் அரைச்சேன்." கடைசி வார்த்தை அந்தப் பெண்ணுக்கு எதற்கென்று புரிந்திருக்காது. அது தாரிகாவுக்காகச் சொன்னதில்லை.

தாரிகா போனை நிறுத்தினாள். பிறகு வந்து சந்தனமாரியின் கையைப் பிடித்தாள், "மன்னிச்சிருங்கம்மா, எனக்குத் தெரியாது" என்றாள். பிடித்தபடியே, மெல்ல, கொஞ்சம் வெட்கத்தோடு, "நாம தலைமுடி பத்தி மட்டும் பேசிக்கலாமா? இந்த விஷம் சமாச்சாரமே வேண்டாம். முதல்ல எடுத்தத அழிச்சிடுறேன்" என்றாள். "அழிச்சிருங்க" என்றார் கொம்பையா. விஷம் முறியும் என்ற பேச்சு போய்விட்டது, நல்லதுதான், அவள் கேட்டது அதுதானே, போனைப் பார்த்து எந்தப் பொம்பளையும் அம்மிக்கு ஓடமாட்டாள். ஆனால் பிள்ளை போன பிறகு முதல் தடவையாகப் பூரணி என்ற பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதும் அதோடு சேர்ந்து போகிறது. போனை ஒரு விரலால் தொட்டாள் அந்தப் பெண், எல்லாம் அழிந்தது, அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்தார்கள். நரை எப்படிக் கறுக்கும், மருதாணி முதலில் ஏன், வெந்நீர் எந்தச் சூடு என்றெல்லாம் அவர் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சந்தனமாரியை ஏதாவது சொல்லச் சொன்னார்கள். "தலை குளிர்ச்சியா இருக்கும்" என்றாள். தாரிகாவுக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பெண்ணின் கார் போன பிறகு விளக்கைப் போட்டாள். சோற்றை வைத்தாள், ரசம் ஊற்றினாள். அவர் சாப்பிட உட்கார்ந்து, பிசைந்து, பிசைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சண்டை வரும் என்று அவள் காத்திருந்தாள். பிற மனுஷர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்பார், இத்தனை வருஷம் கழித்து என்ன வந்தது உனக்கு என்பார். எல்லாவற்றுக்கும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. பதிலை வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு நாளாயிற்று. ஒரு வகையில் நன்றாகக்கூட இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தாமல், "நீ சுணங்கலங்கறது எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் தயிர்ச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"அன்னைக்கே தெரியும். உன் விரல்ல ரத்தம் வந்தத நான் பாத்தேன்." ஒரு கவளம் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார். "அப்படிச் சொல்லலேன்னா எனக்குச் சோறு இறங்கியிருக்காது, சந்தனம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சாப்பிட்டார். கெட்டித் தயிர் கேட்டார், ஊற்றினாள். ஊறுகாய்க்குக் கை நீட்டினார், தள்ளி வைத்தாள். இத்தனை வருஷமாக உனக்கு எப்படிச் சோறு இறங்கியது என்று அவர் கேட்பாரோ என்று, அவர் கை கழுவி எழுந்து, துண்டில் வாயைத் துடைத்து, கறுத்த தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு கட்டிலுக்குப் போகிறவரை, அவள் தயிர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் விசிறியை ஓடவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது, இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியான குறட்டை அவள் கேட்டதில்லை.